சூடை வலைக்குள் பச்சைப்பாம்பு

கடலுக்குப் போகக்கூடாது என்று நேவி அறிவித்த பிறகு தோமஸால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தலைமன்னார்க் கரையில் அவனுடைய வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. விடிந்ததும் கரைக்குப் போவான், கொஞ்ச நேரம் நிற்பான், திரும்பி வந்து கதிரையில் இருப்பான், உடனே எழும்புவான். மகள் பெற்றிசியா புருஷனோடு அகதியாகப் படகேறி இந்தியாவுக்குப் போனதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. போகும்போது அவளுக்கு ஏழாம் மாதம். அவளைப் பற்றி அவனும் மனைவி மதலேனாவும் பேசுவதில்லை. பேச்சு எடுத்தால், போகவிட்டது யார் என்ற சண்டையில்தான் போய் நிற்கும்.

விறகு வெட்டப் போன உடைமரப் பற்றைக்குள்தான் அந்தப் பாம்பைக் கண்டான். காற்று விழுந்த பிறகும் கொவ்வைக் கொடியில் ஒரு இழை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தான். கூர்மூக்கு, மஞ்சள் கண்ணில் படுக்கையாக ஒரு கறுப்புக் கீறல். கண்கொத்திப் பாம்பு. சின்ன வயதில் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடியவன் இன்று ஓடவில்லை. அதுவும் அவனைப் பார்த்தபடி அப்படியே நின்றது. இப்படிச் சலனமில்லாமல் இருக்க ஒரு உயிரால் முடிகிறதே என்று அவனுக்குப் பொறாமையாக இருந்தது. கவைத்தடியால் மெல்லத் தூக்கி, பனையோலையில் பின்னிய உமல் பைக்குள் இறக்கி, வாயைக் கட்டினான்.

“உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ?” என்று மதலேனா கத்தினாள். “கண்ணைக் கொத்திப்போட்டுதெண்டால்?”

“அது தன்ர பாட்டில கிடக்கும். நீ கிட்டப் போகாதை.”

பழைய சவுக்காரப் பெட்டிக்குள் கொப்புகளைச் சொருகி, முன்பக்கம் சூடை மீன் வலைத்துண்டை இறுக்கி அடித்து, குசினிக்குப் பக்கத்தில் வைத்தான். பாம்பு கொப்போடு கொப்பாகக் கிடந்தது. சிரட்டையில் வைத்த தண்ணீரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இலையில் தெளித்தால் மட்டும் துளித்துளியாகக் குடித்தது. ஓணான் பிடித்து விட்டான். அதைக் கௌவி, துடிப்பு அடங்கும்வரை அசையாமல் வைத்திருந்து, தலைப்பக்கமாக விழுங்கியது. கடலைப் போய்ப் பார்த்தவன் இப்போது பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில் அது மாறிவிட்டது. ஓணானைக் கண்டும் காணாதது போலக் கிடந்தது. பிறகு வலையோரமாகவே மேலும் கீழும் ஊர்ந்து, மூக்கை வலையில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டது. தோமஸ் பெட்டியை நிழலுக்கு மாற்றினான், வெயிலுக்கு மாற்றினான், கொப்புகளை மாற்றினான்.

“சாப்பிடுதில்லை. என்ன குறை வச்சனான் இதுக்கு?”

“கொண்டுபோய் விடுங்கோவன்.”

“புண் ஆறட்டும்” என்றான். விட மனமில்லை.

ஒரு காலையில் அரிசி புடைக்கச் சுளகை எடுத்த மதலேனா வீரிட்டாள். தோமஸ் ஓடி வந்தான். சுளகின் விளிம்பில் ஈர்க்குத் தடிப்பில் பச்சையாக ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அலுமாரிக் கைப்பிடியில் இன்னொன்று. பெட்டியின் வலைக்கண்ணுக்குள்ளால் ஒன்று அப்போதுதான் வழுகி வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே தாய் வயிறு ஒட்டிக் கிடந்தது.

“பாம்பெண்டால் முட்டைதானே போடும்?” என்றான் தோமஸ்.

“இது குட்டி போட்டிருக்கு. தெரியேல்லையோ?” என்றாள் மதலேனா. “பிள்ளைத்தாய்ச்சியை இவ்வளவு நாளும் அடைச்சு வச்சிருந்திருக்கிறீங்கள்.”

அவன் குனிந்து பெட்டிக்குள் பார்த்தான்.

“எங்கட பிள்ளை எந்தக் கொட்டிலுக்குள்ள கிடந்து பெத்தாளோ” என்று சொல்லி அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். இந்த முறை அவனைக் குற்றம் சொல்லவில்லை. “நானும்தானே போகச் சொன்னனான்.”

தோமஸ் அவளுக்குப் பக்கத்தில் குந்தினான். கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள். அதற்குள் ஒரு குட்டி அவன் சாரத்தில் ஏறத் தொடங்க, இருவரும் துள்ளி எழும்பினார்கள்.

அன்று முழுவதும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பானைகளுக்குப் பின்னால், மாதா படத்துக்குப் பின்னால், பாய்ச்சுருளுக்குள். விளக்குமாற்று ஈர்க்கால் தூக்கி உமலில் போட்டார்கள். ஒரு குட்டி வாயைப் பிளந்து அவளைக் கொத்த வந்தது. “பிறந்த உடனே வீரத்தைப் பார்” என்று மதலேனா சிரித்தாள். தாயையும் குட்டிகளையும் உடைமரப் பற்றையில் அவிழ்த்துவிட்டார்கள். தாய் கொடியில் ஏறியது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தபோது எது பாம்பு, எது கொடி என்று தெரியவில்லை.

வரும் வழியில் தோமஸ் சொன்னான்: “நாளைக்கு மடுக் கோயிலுக்குப் போறன். அங்க சுவாமிமாருக்கு இந்தியாவில மண்டபம் அகதி காம்பில இருந்து தகவல் வருதாம்.”

“நானும் வாறன்.”

மடுவில் சுவாமியார் பெற்றிசியாவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார். அவ்வளவுதான். திரும்பும் பஸ்சில் தோமஸ் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

“பால் சுரந்திருக்குமோ அவளுக்கு?” என்றாள் மதலேனா.

“உன்னைப் போலதானே அவளும். சுரந்திருக்கும்.”

“பெட்டையெண்டால் என்ன பேர் வைப்பாள்?”

அவன் ஒரு பெயர் சொன்னான். அது சரியில்லை என்று அவள் வேறொன்று சொன்னாள். மன்னார்த் தீவுக்குள் வந்து சேரும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.