பல் செய்கிறவர் வெளியே வரும் கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் கிளினிக்கில். என் முறைக்காகக் காத்திருந்தபோது உள்ளறைக் கதவு விரலளவு திறந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் திரும்பியதும் பட்டென்று மூடிக்கொண்டது.

“யாருங்க அது?”

“பல் செட் செய்யறவர். வெளியே வரமாட்டார், ரொம்பக் கூச்சம்,” என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான் நிஜம். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

சின்ன வயதில் அவருடைய அப்பா அவரை எல்லோர் முன்னாலும்—

(வேண்டாம். கூச்சத்துக்குக் காரணம் தேடினால் யாரையாவது வில்லனாக்க வேண்டியிருக்கும்.)

ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. எதிரே ஆள் வந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தலைவலி மாத்திரை கேட்பதற்குக்கூட மனசுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்ப்பார். (நானும் முதல் வரியை அப்படித்தான் எழுதுகிறேன்.)

3

ஓர் அம்மாவுக்குச் செய்த முன்பல் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. நிறம் சேரவில்லை. டியூப் லைட்டின் கீழே, டாக்டரம்மா குறித்தனுப்பும் நிற நம்பரை மட்டும் நம்பிச் செய்தால் அப்படித்தான். பகல் வெளிச்சத்தில் ஆளைப் பார்க்க வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டேதான் பேசுவார். நல்லது கெட்டது எதற்கும் போவதில்லை.

“இந்தத் தடவையும் சேரலைன்னா பல்லே வேண்டாம்னு போயிடுவாங்க. ஒரு எட்டு வந்து பாருங்களேன்,” என்றார் டாக்டரம்மா.

டாக்டரம்மா கூப்பிட்ட முதல் நாள் பல் செய்கிறவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த அம்மா மறுபடி வந்தபோது இவர் கதவுவரை வந்தார். கதவைத் திறந்து கம்பீரமாக— (அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.)

4

முடிவு ஒன்று: வெளியே வந்து எல்லோரிடமும் சகஜமாகப் பேசுகிறார். (பொய். ஒரே நாளில் யாருக்கும் கூச்சம் போனதில்லை.)

முடிவு இரண்டு: வராமலே இருந்துவிடுகிறார். (இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

டாக்டரம்மா கூப்பிட்ட பிறகு இன்று அந்த அம்மா மூன்றாம் முறையாக வந்திருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொல்கிறார்: “அவரை அவசரப்படுத்தாதீங்க, பாவம். ஆளுங்களைப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் இருக்கு. நான் ஜன்னல்கிட்ட நிக்கிறேன். அவரைப் பார்க்கமாட்டேன்.”

உள்ளே இருப்பவர் எழுந்து கதவருகே வருகிறார். இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் அவருக்காகச் சொன்னதில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தபடி ஒத்திகை பார்க்கிறார்: “கையை எடுங்கம்மா... கொஞ்சம் கையை எடுங்கம்மா...”

இதற்குமேல் என் கையில் இல்லை. காத்திருப்போர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். கதவு விரலளவு திறக்கிறது.

தயவுசெய்து கொஞ்ச நேரம் வேறெங்காவது பாருங்கள்.