டி டிரைவில் மகிழனின் குரல்

ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் வேலுமணி வீட்டுக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றினார். ஆபீஸில் மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. கோயம்புத்தூரில் ஒரு மாதம் இருந்துவிட்டு அமெரிக்காவில், ரவுண்ட் ராக் வீட்டுக்குத் திரும்பியபோது, புது பாஸ்வேர்டு சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"ஏனுங்க, அதுலதான் மகிழன் பேசுனதெல்லாம் இருக்குது. பாத்துப் பண்ணுங்க," என்றாள் அவர் மனைவி சாந்தாமணி.

டேகேரில் சேருமுன் மகன் மழலைத் தமிழில் வாய் ஓயாமல் பேசுவான். அதையெல்லாம் அவள் மைக் வைத்துப் பதிந்திருந்தாள். ஐந்து வயதாகிவிட்ட இப்போது, எதைக் கேட்டாலும் அவனிடமிருந்து இங்கிலீஷ்தான் வருகிறது.

"அது டி டிரைவ்ல இருக்குது சாந்தா. நான் சி டிரைவை மட்டும் அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசாப் போடறேன். உன்ற பையன் பக்கமே போகமாட்டேன்."

"ஆபீஸ்ல யாரையாச்சும் கேட்டுட்டுச் செய்யலாமுல்ல?"

"அங்க எல்லாரும் என்னையத்தான் கேக்கறாங்க."

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. டி டிரைவில் அவள் வைத்த பெயர்களோடு ஃபைல்கள் அப்படியே இருந்தன: மகிழன் நிலா, மகிழன் பூனை, மகிழன் கோபம். ஒன்றைத் திறந்தார். அனுமதி இல்லை என்றது. இன்னொன்றும் அதையே சொன்னது.

அப்போதுதான் நினைவு வந்தது. விண்டோஸ் 2000 போட்ட புதிதில், ஃபைல்களைப் பூட்டிவைக்கும் என்க்ரிப்ஷன் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஆசையில் அந்த ஃபோல்டருக்கு அவரே டிக் போட்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அவளை உட்காரவைத்து விளக்கினார்.

"பாஸ்வேர்டு வாசக்கதவுப் பூட்டு மாதிரி. ஃபைலெல்லாம் தனிப் பெட்டியில, தனிப் பூட்டுல இருக்குது. பெட்டிச் சாவி வீட்டுக்குள்ள ஆணியில மாட்டியிருந்துச்சு. சி டிரைவுதான் வீடு. கதவு திறக்கலைன்னு நான் வீட்டையே இடிச்சுட்டேன். கதவை மட்டும் கழட்டறதுக்கு ஒரு ஃப்ளாப்பி இருக்குதாம், ஆபீஸ்ல சேனாபதி இன்னைக்குத்தான் சொன்னாரு. அதைப் போட்டிருந்தா சாவி அப்படியே இருந்திருக்கும். பெட்டிய உடைக்கலாமான்னா, அந்தச் சாவி எவ்வளவு பெரிய நம்பர்னு கேட்டீன்னா..."

பேச்சு சூடுபிடிப்பது அவர் காதிலேயே விழுந்தது. நிறுத்தினார்.

"எப்படிப் போச்சுன்னு புரிஞ்சுதுங்க," என்றாள் சாந்தாமணி. "திரும்ப வருமா?"

"வராது."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யத் தொடங்கினாள். எதுவுமே திறக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் பக்கத்திலேயே நின்றார்.