பதினோரு ஆம்பியர்

கோவையில் வெந்நீர் ஹீட்டருக்குள் சூடேறும் கம்பிச் சுருளான காயில் செய்யும் பட்டறையில் எனக்குச் சோதனை மேசை வேலை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். இரண்டையும் பெருக்கினால் வாட். இருநூற்று முப்பது வோல்ட்டில் பத்து ஆம்பியர் இழுத்தால் இருபத்து மூன்று ஓம், இரண்டாயிரத்து முந்நூறு வாட். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும். எட்டு மாதத்தில் ஒரு காயில்கூட இதை மீறியதில்லை.

தை மாதம் ஊரில், சீவலப்பேரியில், எங்கள் நெல் பால் பிடித்திருந்தது. கால்வாய்த் தண்ணீர் எங்கள் வயல்வரை வரவில்லை. ஒன்றரை ஏக்கரும் கிணற்று மோட்டாரை நம்பி நின்றது. தங்கை முத்துராணி ஸ்டார்ட்டர் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பினாள். வோல்ட் நூற்று எழுபது, ஆம்பியர் பதினொன்று. ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருந்ததாம்.

"மோட்டாரு ஒரு மாதிரி உறுமுதுன்னு அப்பா சொல்லுதாவ அண்ணே. நிப்பாட்டிரட்டுமான்னு கேக்காவ."

கையெல்லாம் கிரீஸ். போனில் மைக்கை அழுத்திப் பேசினேன், அது எழுதிக்கொண்டது.

"போன மாசம் இருநூத்தி முப்பதுக்கு எட்டு. அப்போ மோட்டாரு இருவத்தொம்பது ஓம். நூத்தி எழுவதுக்கு ஆறுதான் வரணும். பதினொண்ணு காட்டுனா மீட்டர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். ரிலே திருகாணிய பன்னெண்டுல வச்சு ஓட்டச் சொல்லு."

முத்துராணி அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. எழுத்தாக வந்ததை அவர் எதிர்த்துப் பேசுவதும் இல்லை. திருகாணியைத் திருப்பிவிட்டார். மதியத்துக்குள் மோட்டார் கருகிவிட்டது.

சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் வைண்டிங் கடை வாசலில் முன்னால் வந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தனவாம். பதினோரு நாள் ஆகும் என்றுவிட்டார்கள்.

பட்டறை எலக்ட்ரீஷியன் கிருபைராஜ் அண்ணாச்சி புன்னக்காயல்காரர். அவரிடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்தார்.

"காயிலப் பாத்துப் பாத்து கண்ணு அவிஞ்சு போச்சாலே? காயிலு சும்மா சூடாவுது. மோட்டாரு தண்ணியல்லா தூக்குது. வோல்ட்டு கொறஞ்சா கூட ஆம்பியர் இழுத்துத்தான் தூக்கும்."

அட்டைப்பெட்டி மூடியில் பெருக்கிக் காட்டினார். முன்பு இருநூற்று முப்பது பெருக்கல் எட்டு, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. இப்போது நூற்று எழுபது பெருக்கல் பதினொன்று, ஆயிரத்து எண்ணூற்று எழுபது. ஏறக்குறைய அதே வேலை. மீட்டர் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. நான் வகுத்துப் பார்த்தேன். பெருக்கிப் பார்க்கவில்லை.

வீட்டில் இதைச் சொல்ல மூன்று முறை மைக்கை அழுத்தினேன். மூன்று முறையும் அழித்துவிட்டேன். அப்பாவோ ஊரெல்லாம் மீட்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மகன் படம் பார்த்தே கண்டுபிடித்தானாம்.

பன்னிரண்டாம் நாள் முத்துராணி மறுபடி படம் அனுப்பினாள். மேல் வயல் பதராகிவிட்டது. கிணற்றை ஒட்டிய நாலு பாத்தியில் மட்டும் இன்னும் பச்சை இருந்தது. பெட்டியில் புது மீட்டர், வோல்ட் அதே நூற்று எழுபது.

"நீ சொன்னேன்னு மீட்டரையும் மாத்திட்டாவ. இதுவும் பதினொண்ணுதான் காட்டுது. போட்டவொடனே நிப்பாட்டிட்டாவ. ரிலேய எத்தனைல வைக்கணும் அண்ணே? நீ சொல்லாம சுவிச்சத் தொடமாட்டேங்காவ."

ஓட்டினால் மோட்டார் போய்விடும். ஓட்டாவிட்டால் நாலு பாத்தியும் போய்விடும்.

மைக்கை அழுத்தினேன். கேட்டுக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மைக் தானாக அணைந்தது. மறுபடி அழுத்தினேன்.