பெயர் அச்சான பாதி

1

இந்தக் கதை ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் பிறந்தது. கருவில் திருவுடைய கதை என்றெல்லாம் பீற்றிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பிறந்த இடம் கிண்ணம். தேங்காய் உருண்டை வந்த கிண்ணம்.

முதல் வரியை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

‘கல்கத்தாவின் அந்தத் தெருவில் மழை ஓய்ந்திருந்த ஒரு —’ (வேண்டாம். மழை ஓய்ந்த தெருவைப் பற்றி எழுதினால் சாக்கடையைப் பற்றியும் எழுத வேண்டும்.)

‘மருந்துக்கடைக்காரர் நிமாய் ஹாஜ்ரா ஒரு கொலைகாரர்.’ (நல்ல தொடக்கம். ஒரே குறை, பொய்.)

‘நான் ஒரு —’ (இதை முடிக்கத்தான் இவ்வளவு பாடும்.)

2

என் பல்லிலிருந்து ஆரம்பிப்போம். கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் பூரி மாதிரி உப்பியது. பல் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினார். அமாக்சிசிலின், ஒரு நாளைக்கு மூன்று, ஏழு நாள். இருபத்தொரு காப்ஸ்யூல். சீட்டை நிமாயிடம் நீட்டினேன். அவர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

“கனக்தா, இதுக்கு முந்தி எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா? தடிப்பு, மூச்சு முட்டல், ஏதாவது?”

“பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? மருந்தக் குடுய்யா.”

“குடுக்கறேன். வலி நின்னுதுன்னு பாதியில விட்டுடாதீங்க.”

என் பெயர் கனகசபை. இருபத்தாறு வருடமாக இந்தத் தெருவில் ‘கனக்தா’. (இங்கே ‘தா’ என்றால் அண்ணன்.) மூன்றாம் நாள் வலி நின்றது. ஆகவே நானும் நிறுத்தினேன். பன்னிரண்டு மிச்சம். ஒரு முழுப் பட்டை, அதோடு இரண்டு உதிரி. நல்ல பொருளை வீணாக்கக் கூடாது என்று அலமாரியில் பத்திரப்படுத்தினேன்.*

* இதைப் படிக்கும்போது உங்கள் அலமாரி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

3

அடுத்த வீட்டு அதீன் சர்க்கேல், மின்சார ஆபீஸ் குமாஸ்தா. துர்கா பூஜைக்குத் தெரு மன்றம் போடும் நாடகத்தில் இந்த வருடம் அவர்தான் ஜமீன்தார். பதினோரு வருடம் வாயில்காப்போனாக ஈட்டி பிடித்து நின்று வாங்கிய பதவி உயர்வு. அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது.

எங்கள் தெருவில் தொண்டை கட்டுவது தனியார் விஷயமல்ல. தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் ஒன்பது வைத்தியம் சொன்னார்கள். படித்த ஒருவர் ‘ஆன்டிபயாடிக் போடுப்பா, ரெண்டே நாள்’ என்றார். அவர் படித்தது வரலாறு.

அதீன் நிமாய் கடைக்குப் போனார். நான் அப்போது பற்பசை வாங்கிக்கொண்டிருந்தேன்.

“ஆன்டிபயாடிக் ஒரு நாலு குடு நிமாய்.”

“சீட்டு?”

“என்ன சீட்டு? நானே கேக்கறேன்ல.”

“சளிக்கு அது கேக்காது அதீன்தா. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க. காய்ச்சல் வந்தா டாக்டரைப் பாருங்க. முந்தி ஒரு தடவை உங்களுக்கு உடம்பெல்லாம் தடிச்சுதே, ஞாபகமிருக்கா? அதையும் அவர்கிட்ட சொல்லணும்.”

“அது வெள்ளை மாத்திரைய்யா!”

“கலர் மாறினா மருந்து மாறிடுமா?”

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்கிற கடைக்காரரை யார் நம்புவார்கள்? முதல் பிரதியில் அவரைப் பேராசைக்காரராக்கி, தொப்பையும் தங்கப் பல்லும் வைத்தேன். நம்பும்படியாக இருந்தார். அதனாலேயே கிழித்தேன்.)

4

கிண்ணத்துக்கு வருவோம். அதீனின் மனைவி சுதபா பௌதி (பௌதி என்றால் அண்ணி) கொடுத்தனுப்பிய தேங்காய் உருண்டையைத் தின்று தீர்த்து ஒரு வாரமாகியிருந்தது. இங்கே அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. நாலு நார்த்தங்காயாவது வைக்க வேண்டும். தனிக்கட்டை வீட்டில் என்ன இருக்கும்? அலமாரியைத் திறந்தேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பத்து காப்ஸ்யூல் பளபளத்தது.

எனக்கு என் தாராள மனம் தாங்கவில்லை. கத்தரியால் பட்டையைப் பாதியாக வெட்டினேன். ஐந்து அவருக்கு, ஐந்து எனக்கு. நாளைக்கே எனக்குப் பல் வலித்தால்? மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் ஒரு முனையில்தான் அச்சாகியிருந்தன. அந்த முனை என் பாதியோடு நின்றுவிட்டது. மற்றப் பாதியைக் கிண்ணத்தில் வைத்து எடுத்துப்போனேன்.

பௌதி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்தார். அதீன் கதவைத் திறந்தார்.

“அடடா கனக்தா! நீங்கதான் மனுஷன்!”

என்ன மருந்து என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதுதான் நாகரிகம்.

5

ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அவர் ஒத்திகைக்குக் கிளம்ப, நானும் கூடப் போனேன். ‘யாரங்கே!’ என்று இரண்டு தரம் கர்ஜித்தவர், மூன்றாவது தரம் கழுத்தைச் சொறிந்தார். உதடு வீங்கியது. மூச்சு விசில் அடித்தது. நடிப்பென்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. டாக்ஸி பிடிக்க ஓடினேன்.

டாக்ஸியில் என் மடியில்தான் படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். மூச்சு வந்தது. டாக்டர் அம்மா அவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேர் எங்க? என்ன மருந்து இது? தெரியலைன்னா நாளைக்கு வேற யாராவது இதே வகையைக் குடுத்துடுவாங்க. அப்ப ஊசி போட நேரம் கூட இருக்காது. யாருக்காவது தெரியுமா?”

(மாற்று 5: நான் நிமிர்ந்து நின்று, ‘அமாக்சிசிலின், டாக்டர். குடுத்தது நான்’ என்றேன். மிக அழகான வாக்கியம். பதினேழு முறை திருத்தியிருக்கிறேன். சொல்லத்தான் இல்லை.)

பௌதி பள்ளியிலிருந்து ஓடிவந்தார். செய்தி கேட்டு, கடையைப் பூட்டிவிட்டு நிமாயும் வந்தார். மிச்சமிருந்த நான்கு காப்ஸ்யூலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“அமாக்சிசிலின் டாக்டர். இவருக்கு பென்சிலின் வகை ஆகாது. நாலு வருஷம் முந்தியே தடிச்சுது.”

பௌதி திரும்பினார். “தெரிஞ்சேதானா குடுத்தே பாவி?”

“நான் குடுக்கலை பௌதி.”

“பின்ன யாரு? உன் கடைய விட்டா தெருவுல யார்கிட்ட இருக்கு இது?”

நிமாய் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நான் ‘இங்கே எச்சில் துப்பாதீர்கள்’ என்ற பலகையை நான்கு முறை வாசித்தேன். செறிவான நடை, ஒரு சொல் மிகையில்லை.

6

அதீன் பிழைத்தார். ஜமீன்தாராகப் புது வாயில்காப்போன் நடித்தான். நன்றாகவே நடித்தான் என்கிறார்கள். உடம்பு எப்படியென்று பார்க்கப் போனபோது அதீன் என் கையைப் பிடித்து, “நிமாய் கடையில வாங்கினேன்னு சொல்லிட்டேன். கண்டத முழுங்க மாட்டேன்னு போன தடவையே அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். பக்கத்து வீட்ல வாங்கித் தின்னேன்னு தெரிஞ்சா என்னை உரிச்சிடுவா. நீங்களும் வாயத் தொறக்காதீங்க” என்றார். அந்த வேலையில் எனக்கு இருந்த பயிற்சி அவருக்குத் தெரியாது.

நிமாய் கடைக்கு இப்போது யாரும் போவதில்லை. அடுத்த தெருக் கடைக்குப் போகிறார்கள். அங்கே எதைக் கேட்டாலும், ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிடுகிறார்களாம். ரொம்ப மரியாதையான கடையாம். நிமாய் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். கதவுப் பலகையில் பாதியைத் திறப்பதே இல்லை.

நேற்று நான் கடையைக் கடந்தபோது கூப்பிட்டார்.

“கனக்தா, பல்லு எப்படி இருக்கு? ஏழு நாளும் முடிச்சீங்களா?”

“முடிச்சேனே” என்றேன், வீங்கிய கன்னத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. இதை மட்டும் கிண்டலாக எழுத வரவில்லை.

7

நீங்கள் கேட்கலாம்: இவ்வளவையும்தான் எழுதிவிட்டீரே, இது ஒப்புதல் இல்லையா? இல்லை. எங்கள் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். யோசித்துத்தான் மொழியைத் தேர்ந்தெடுத்தேன்.

இன்று காலை கிண்ணம் திரும்ப வந்தது. நிறையப் பாயசம். “நீங்க மட்டும் டாக்ஸி பிடிக்கலேன்னா!” என்று பௌதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாயசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.

வெறுமையாகத் திருப்பக் கூடாது. மேசையில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, தேநீர்க் கடையில் வாங்கிய ஒரு பொட்டலம் நெய் பிஸ்கோத்து. மற்றது, வெட்டிய பட்டையின் மறுபாதி. மருந்தின் பெயர் அச்சான பாதி. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த அதீனின் துண்டைப் பௌதி மருந்துச் சீட்டோடு பத்திரமாக வைத்திருக்கிறார். பக்கத்தில் பொருத்தினால் என் கத்தரிக் கோணல் அச்சாகச் சேரும். நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. கிண்ணத்தில் இரண்டில் எதை என்று நீங்களே பார்த்து வையுங்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் பாதியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வையுங்கள். கொஞ்சம் சீக்கிரம், கிண்ணம் வாங்கிப்போகப் பௌதி கதவைத் தட்டுகிறார்.