பிங்கிக்கு ஒரு மண்புழு

செம்மங்குப்பத்தில் அருள்முருகன் வேலை பார்க்கும் ரசாயனத் தொழிற்சாலையில் வருடாந்திரப் பராமரிப்பு. ஒரு வாரம் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது, சிதம்பரத்து வீட்டில் மனைவி இசைவாணியிடம் பிங்கியை ஒப்படைத்துவிட்டுப் போனான்.

பிங்கி ஓர் ஆக்சலாட்டல். தண்ணீருக்குள்ளேயே வாழும் பிராணி. வெளிர் ரோஜா நிறம், நாலு குட்டிக் கால், தலையின் இரு பக்கமும் சிவப்புக் குஞ்சம் போலச் செவுள். இசைவாணிக்கு அதைப் பார்த்தால் பல்லி ஞாபகம்தான் வரும். தொட்டியை எட்டி நின்றே பார்ப்பாள்.

"டப்பாவுல தீனி உருண்ட இருக்கு. இடுக்கியால நீட்டு, அது பாட்டுக்கு தின்னும்" என்று சொல்லியிருந்தான். நீட்டினாள். பிங்கி வாயில் வாங்கி, கொஞ்சம் யோசித்து, துப்பிவிட்டது. மறுநாளும் அதே கதை. வெயிலுக்குத் தண்ணீர் சூடாகிவிட்டதோ என்று, உறையவைத்த பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிட்டாள். எறா உரித்துப் பொடிசாக நறுக்கி நீட்டினாள். பிங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் அதே கவலை. போன் போட்டாள்.

"ஏங்க, உங்க புள்ள பட்டினி கெடக்கு. எளச்ச மாதிரி தெரியுது."

அருள்முருகன் இழுத்தான். "வாணி... போன மாசம் பூரா அதுக்கு மண்புழு குடுத்தேன். ருசி கண்டுடுச்சுபோல."

"மண்புழுவா? எங்க வச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜுல. இட்லி மாவுக்குப் பின்னாடி. இப்ப தீந்துபோச்சு, பயப்படாத."

அவள் படக்கென்று போனை வைத்தாள். ஆனாலும் சாயந்திரம் நர்சரியில் உரப்புழு ஒரு பொட்டலம் வாங்கிவந்தாள். பிங்கி அதையும் துப்பியது. அது கசக்கும், தோட்டத்துப் புழுதான் பிடிக்கும் என்று அவனிடமிருந்து மெசேஜ் வந்தது.

காலையில் வாழை மரத்தடியில் குந்தி, தோசைக் கரண்டியால் மண்ணைக் கிளறினாள். பக்கத்து வீட்டு சவரியம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி வாணி, தூண்டி போடப் போறியா?"

"இல்லக்கா. வீட்ல ஒருத்தர் சாப்புட மாட்டேங்குறாரு."

விஷயம் கேட்டு சவரியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மண்வெட்டியோடு வந்து, குளியலறைத் தண்ணீர் ஓடும் ஈரத்தில் ஒரு வெட்டு வெட்டினாள். கொழுத்த புழு ஒன்று நெளிந்தது. எடுத்து இசைவாணியின் உள்ளங்கையில் வைத்தாள். இசைவாணி போட்ட கூச்சலில் வாழையிலிருந்த காக்கா பறந்தது. ஆனால் புழுவை மட்டும் கீழே போடவில்லை.

சவரியம்மாளோடு உள்ளே போய் அதைக் கழுவி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கத்தரித்தாள். ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து பிங்கியின் மூக்கருகே ஆட்டினாள். அது அசையவில்லை.

"சாப்புடு ராசா. என் கண்ணுல்ல."

லபக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது! இருவரும் குதித்தார்கள். உடனே வீடியோ கால். கேன்டீனில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த அருள்முருகன் போனை உயர்த்திப் பிடித்தான். தட்டுகளோடு கூட்டம் சேர்ந்தது.

"இன்னொன்னு குடுங்க அண்ணி!" என்று கத்தினான் அவனோடு வேலை பார்க்கும் கதிர்வேல்.

இசைவாணி இடுக்கியைத் தேடவில்லை. அடுத்த துண்டை விரலாலேயே நீட்டினாள். பிங்கி வாங்கிக்கொண்டது. கேன்டீனில் கைதட்டல்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டீ போட்டாள். இருவரும் தொட்டி எதிரிலேயே உட்கார்ந்து குடித்தார்கள்.

"மறுபடி எப்ப பசிக்கும் இதுக்கு?" என்றாள் சவரியம்மாள்.

"நாளன்னிக்கித்தான்க்கா."

"சரி, மண்வெட்டி இங்கயே இருக்கட்டும்."