இயோபியின் வீட்டுக்கு அடியில்

நீர்வளத் துறையில் வேலை பார்த்த தெரேங்காவை அவள் பிறந்த தீவுக்கே அளவெடுக்க அனுப்பினார்கள். மணலுக்கு அடியில், கடல்நீரின் மேல் படலமாக மிதக்கும் மழைநீர்தான் அங்கே குடிதண்ணீர். அது எங்கே கனமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் அளவு அண்ணன் இயோபியின் நிலத்தில். நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக ஊன்றி, வெளிக்கம்பிகள் இரண்டிலும் மின்சாரம் பாய்ச்சினாள். உப்புநீர் மின்சாரத்தைத் தாராளமாக விடும், நன்னீர் தடுக்கும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி ஊன்ற ஊன்ற, இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும்.

சம்மட்டியை இயோபி பிடுங்கிக்கொண்டான். "பிஜில போய் அத்தனை வருஷம் படிச்சது, மண்ணுல கம்பி அடிக்கத்தானா?"

"நான் எங்க அடிக்கிறேன்? நீதான அடிக்கிற."

அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

கம்பிகள் விலக விலக, அடியில் உப்புநீர் எட்டி மின்தடை சட்டென்று விழும் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை. அண்ணன் பபாய்க் கிழங்கு பயிரிட்டிருந்த குழிகளைத் தாண்டியும் விழவில்லை. இவ்வளவு நல்ல நீர் இருக்கும் இடத்தைத் துறை எடுத்துக்கொள்ளும். கழிவு இறங்கி நீர் கெடாமலிருக்க, அதன்மேல் வீடு, பன்றி, கிழங்குக்குழி எதுவும் இருக்கக் கூடாது.

"ஏன் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? உப்பா?"

"இல்லண்ணா. நல்ல தண்ணி. நெறைய இருக்கு."

மீதியை அவள் சொல்லவில்லை. இயோபி சந்தோஷத்தில் மீன் சுடச் சொன்னான். எல்லோரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அளவைக் குறைத்து எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அதே தீவின் துறைமுகத்து ஊரில் கெட்ட கிணற்றுநீரைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளதையே எழுதினாள்.

ஊர்க்கூடத்தில் அதிகாரி நிலத்தை எடுக்கும் உத்தரவை வாசித்து முடித்ததும் இயோபி தங்கையைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"நான் கம்பி அடிக்கும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே என் வீட்டுல உக்காந்து தின்ன."

கூடத்தில் யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

வீட்டைப் பிரித்தார்கள்; கிழங்குக் குழிகளை மணல் போட்டு மூடினார்கள். இயோபி குடும்பத்தோடு தீவின் கிழக்கு முனைக்குப் போனான். துறைமுகத்து ஊருக்குக் குழாய் போனது, பிள்ளைகள் பிழைத்தார்கள். துறையில் தெரேங்காவைப் பாராட்டினார்கள். கிழக்கு முனைக்குக் குழாய் எப்போது என்று அவள் கேட்கும்போதெல்லாம், அடுத்த கட்டத்தில் என்றார்கள்.

மறுபடி தீவுக்கு வந்தபோது அவள் நேரே அங்கே போனாள். அண்ணி குவளையில் தண்ணீர் கொடுத்தாள். கரித்தது. மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

வலை பின்னிக்கொண்டிருந்த இயோபி நிமிரவில்லை. "ஆபீசரம்மாவுக்குத் தண்ணி போதுமா?"

"குழாய்க்கு மறுபடியும் எழுதியிருக்கேன், அண்ணா."

"எழுதுவ. எழுதுறதுல உன்னக் குத்தம் சொல்ல முடியாது." முடிச்சை இறுக்கினான். "கடல் வத்துது. படகு போயிடும், கெளம்பு."

அண்ணி மட்டும் படகுவரை கூட வந்தாள்.