இரண்டு துளை கீழே

படகுத்துறையில் அவரை எல்லோரும் 'வர்ணனை' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள்மேல் தட்டையாகத் தளம் போட்ட பான்டூன் படகு அவருடையது. பன்னிரண்டு பேர் உட்காரலாம். பின்பக்கம், மோட்டாருக்கு மூன்றடி முன்னால் உட்கார்ந்து மனைவி ஓட்டுவாள். முன்பக்கம் நின்று இவர் ஏரியைப் பற்றி அளப்பார். நாலு வருடமாக இதுதான் பிழைப்பு.

அளப்பு என்றால் சாதாரண அளப்பு இல்லை. ஏரியின் ஆழம் முந்நூறு அடி என்பார். அடியில் ஒரு தெருவே மூழ்கிக் கிடக்கிறது, அதில் ஒரு தபால் நிலையம்கூட உண்டு என்பார். மைக் ஒன்று வாங்கலாமே என்று மனைவி சொன்னபோது, "என் தொண்டைக்கு மைக்கா?" என்று சிரித்துவிட்டார். ஆனால் மோட்டார் போட்ட சத்தத்தில் முதல் வரிசைக்கே பாதிதான் எட்டும். வளைவில் திரும்பினால் அது ஊளையே இடும். பயணிகள் அவர் வாயையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்து, அவர் சிரிக்கும்போது தாங்களும் சிரித்து வைப்பார்கள். கருத்துப் புத்தகத்தில் ஒருவர், 'வர்ணனையாளரின் கைவீச்சு பிரமாதம்' என்று எழுதியிருந்தார். அதை இவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டினார்.

அப்போதுதான் வெளியூர்ப் படகுப் பட்டறையில் வேலை பார்க்கும் மைத்துனன் லீவில் வந்தான். அக்காவின் படகில் ஒரு சுற்றுப் போய்விட்டு, காதைக் குடைந்துகொண்டே இறங்கினான்.

"மாமா, மோட்டாரை யாரு இவ்வளவு மேல மாட்டினது?"

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா கத்துது. புரொப்பெல்லருக்கு மேல இந்தத் தட்டு தெரியுதா? ஓடும்போது இது தண்ணிக்குள்ள இருக்கணும். வெளிய கிடக்கறதால வளைவுல புரொப்பெல்லர் காத்தை இழுக்குது. அதான் ஊளை. புகையும் தண்ணிக்குள்ள அடங்காம வெளியவே வெடிக்குது."

மோட்டாரைப் படகோடு பிடித்திருக்கும் தாங்கியில் மேலும் கீழுமாகத் துளைகள் இருந்தன. போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டாரை இரண்டு துளை கீழே இறக்கி, மறுபடி முறுக்கினான். இறங்கியது மொத்தம் ஒன்றரை அங்குலம். பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்த வர்ணனைக்குப் பெரிய குஷி. இனி தன் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும்!

போயிற்று.

மறுநாள் முதல் பயணம். படகு பூனை மாதிரி நழுவியது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏரியின் ஆழம் முந்நூறு அடி என்றார்.

"நாற்பத்திரண்டு" என்றார் மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி. "குடிநீர் ஆபீஸ்ல இருக்கேன். போன மாசம்தான் அளந்தோம்."

வர்ணனை சட்டென்று வேறு பக்கம் தாவினார். தினமும் சொல்லும் பாட்டுத்தான்; வாயில் தானாகவே வந்துவிட்டது.

"பின்னாடி ஓட்டுறது என் சம்சாரம். நம்ம படகுல ரெண்டு என்ஜின் இருக்குங்க. ஒண்ணுக்குப் பெட்ரோல் ஊத்தணும். இன்னொண்ணு நான் வாயைத் திறந்தாலே ஸ்டார்ட் ஆயிடும்!"

படகே குலுங்கச் சிரித்தது. நாலு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் கேட்டதில்லை. பூரித்துப்போய் நிமிர்ந்தார். பன்னிரண்டு தலைகளும் பின்பக்கம் திரும்பியிருந்தன. மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேகத்தைக் குறைத்தாள்.

"அந்த ரெண்டாவது என்ஜின் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகலேன்னா," என்றாள் நிதானமாக, "இந்த மனுஷருக்கு லைஃப் ஜாக்கெட்டு எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னு தெரியாதுங்க."

அவர் குனிந்து பார்த்தார். போட்டிருந்த ஜாக்கெட்டின் தையல் எல்லாம் வெளியே தெரிந்தது. இந்த முறை சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது.

மத்தியானம் சாப்பாட்டில் பாத்திரங்கள்தான் பேசின. கை கழுவிய ஈரம்கூடக் காயாமல் இவர் மைத்துனனைத் தேடிக்கொண்டு துறைக்கு ஓடினார்.

"மாப்ளே, ஒரே ஒரு துளை மேல ஏத்திடேன்."

"மறுபடி ஊளை போடும் மாமா."

"போடட்டும்."

"முடியாது. 'உங்க மாமா வருவாரு, ஸ்பானரைத் தொடாதே'ன்னு அக்கா காலையிலேயே சொல்லிட்டாங்க."

சாயங்காலம் படகைக் கழுவும்போது அவளே ஆரம்பித்தாள். "நாலு வருஷமா இதையேதான் சொல்லிட்டிருந்தீங்களா?"

"தினமும் ஒரு தடவைதான்."

"தினமும் நாலு டிரிப்பு போறோம்."

அவர் வாளியில் தண்ணீர் மொண்டார்.

"எனக்கு அங்க ஒண்ணும் கேக்காது. நீங்க கையை நீட்டி நீட்டிப் பேசுறதை மட்டும் பார்ப்பேன். இந்தப் பறவை, அந்த மரம்னு என்னென்னமோ விளக்குறீங்கன்னு நினைச்சேன். 'எங்க வீட்டுக்காரருக்கு ஏரியைப் பத்தித் தெரியாததே இல்லை'ன்னு எங்க அண்ணிகிட்ட எத்தனை தடவை பீத்தியிருக்கேன் தெரியுமா?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. வாய் நிறையப் பேச்சு வைத்திருக்கும் மனிதர், சுத்தமான தளத்தையே மறுபடி மறுபடி தேய்த்தார்.

அடுத்த நாள் அவர் அடக்கமாகத்தான் தொடங்கினார். ஆழம் நாற்பத்திரண்டு அடி என்றார். தபால் நிலையத்தைத் தொடவே இல்லை. படகு குறுகலான வளைவுக்குள் நுழைந்தபோது கையைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினார்.

"இங்க அடியில பாறைங்க இருக்கு. வெளிய தெரியாது. மத்த படகெல்லாம் ஒரு தடவையாவது இடிச்சிருக்கு. நம்ம படகு நாலு வருஷத்துல ஒரு தடவைகூட இடிச்சதில்ல. அது என்னோட சாமர்த்தியம் இல்லைங்க." கையைப் பின்பக்கம் திருப்பினார். "பின்னாடி உட்கார்ந்திருக்காங்களே, அவங்களோடது."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. பின்னாலிருந்து குரல் வந்தது, சத்தமே போடாமல், தெளிவாக.

"சரி சரி. பார்த்து நில்லுங்க, திரும்பப் போறேன்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். படகு வளைந்து திரும்பியது.